ஏழு வருஷச் சனி!

தென் கொரியாவில் ஒரு பாட்டுக் குழுவை எப்போது 'பெரிசுகள்' என்று சொல்ல ஆரம்பிக்கிறார்கள், தெரியுமோ? எட்டாவது வருஷத்தில்!

இந்தத் தகவலைச் சொன்னது என் அக்கா மகள். வயது பதினாலு. அத்தானுக்கு சுவோன் நகரத்தில் இரண்டு வருஷ வேலை. குடும்பத்தோடு போய் உட்கார்ந்துவிட்டார்கள். "வாடா, வந்து பத்து நாள் இருந்துட்டுப் போ" என்று அக்கா போனில் கூப்பிட்டதும், 2024 செப்டம்பரில், சேமிப்பை வழித்துத் துடைத்து டிக்கெட் வாங்கிவிட்டேன். பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிற ஆசாமிக்கு மேலதிகாரியிடம் தலையைச் சொறிந்து லீவு கேட்கிற அவஸ்தை இல்லை. லீவுக்குச் சம்பளம் என்கிற பாக்கியமும் இல்லை.

"சியோல்ல என்ன பார்க்கணும் மாமா? அரண்மனையா, டவரா?"

"பழைய கே-பாப் குழுக்கள். இருபது வருஷம், இருபத்தஞ்சு வருஷமா பிரியாம பாடிட்டிருக்காங்களாமே, அவங்க கதை வேணும்."

"பி.டி.எஸ்.ஸா?"

"அதுக்கும் முன்னாடி."

வாண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தது. "அதுக்கு முன்னாடி கே-பாப் இருந்துச்சா?"

இருந்தது. அடியேனுக்கு அதில் ஒரு சொந்தக் காரணமும் இருந்தது. பி.காம். படித்த நாளில் நாங்கள் ஐந்து பேர் ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தோம். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, காதுகுத்து எதையும் விட்டதில்லை. இரண்டு பேர் பாட, ஒருவன் கீபோர்டு, ஒருவன் ரிதம் பேட். எனக்குப் பாடவும் வராது, வாசிக்கவும் வராது. எனவே கணக்கு எழுதினேன். வேன் டீசல், மைக்செட் வாடகை, பாடகருக்கு மிளகுப் பால். 2009-ல் ஆரம்பித்த குழு 2016-ல் உடைந்தது. எப்படி உடைந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதிலிருந்து எங்கேயாவது ஒரு குழு பிரியாமல் இருக்கிறது என்று கேள்விப்பட்டால், அவர்கள் பாட்டைவிட அவர்கள் கணக்கு நோட்டைப் பார்க்கத்தான் எனக்குக் கை பரபரக்கும்.

* * *

சுவோனில் ரயில் ஏறினால், நடுவில் எங்கும் மாறாமல், ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தபடியே சியோலின் அப்குஜங் ரோடியோ ஸ்டேஷனில் போய் இறங்கலாம். பெட்டியில் கூட்டம் இருந்தது, சத்தம் இல்லை. நானும் வாண்டும் பேசிய தமிழ்தான் அதிகபட்ச ஒலி. எதிர் சீட்டு அம்மாள் இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தபிறகு அதையும் நிறுத்திக்கொண்டோம்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் ஒரு பெரிய கரடி பொம்மை வரவேற்கிறது. பிளாட்பாரம் நெடுக அதன் தம்பிகள். ஒவ்வொரு கரடிக்கும் ஒரு குழுவின் பெயர், அதற்கேற்ற வேஷம், வர்ணம். பாட்டுக் கம்பெனிகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பேட்டை என்பதால் இந்தத் தெருவுக்கே 'கே-ஸ்டார் ரோடு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வெளியூர்ப் பெண்கள் கரடியைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். (கரடியாகப் பிறந்திருக்கலாம் என்று தோன்றிய நிமிஷம் அது.)

வாண்டு ஒவ்வொரு கரடியாகக் காட்டிக்கொண்டே வந்தது.

"இது ஃபோர் மினிட். கலைஞ்சுட்டாங்க."

"எப்போ?"

"2016. இது மிஸ் ஏ. இவங்களும் காலி. 2017."

பழக்கதோஷம், பாக்கெட் நோட்டை எடுத்து இரண்டு பத்தி கோடு போட்டேன். ஆரம்பம், முடிவு. ஃபோர் மினிட்: 2009, 2016. மிஸ் ஏ: 2010, 2017. கரடி இருக்கிறதோ இல்லையோ, அந்தக் காலத்தில் கொடிகட்டிப் பறந்த டூ-என்இ-ஒன்: 2009, 2016. கழித்துப் பார்த்தேன். ஏழு, ஏழு, ஏழு!

"என்ன மாமா, ஜாதகம் பார்க்கறீங்களா?"

கிட்டத்தட்ட அதுதான். நம்ம ஊரில் ஏழரைச் சனி. கொரியாவில் சரியாக ஏழு. அங்கேயே இதற்கு 'ஏழு வருஷச் சாபம்' என்றுதான் பெயர். ஆனால் இந்தச் சனி ஆகாயத்திலிருந்து வரவில்லை, அக்ரிமென்ட்டிலிருந்து வருகிறது.

விஷயம் இதுதான். அங்கே பாட்டுக் குழு என்பது நாலு நண்பர்கள் மொட்டை மாடியில் கூடி ஆரம்பிப்பதல்ல. கம்பெனி பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, வருஷக்கணக்கில் பாட்டு, டான்ஸ், வெளிநாட்டு பாஷை எல்லாம் சொல்லிக்கொடுத்து, தங்க இடமும் கொடுத்துத் தயார் பண்ணுகிறது. செலவெல்லாம் கம்பெனியுடையது. எனவே குழுவும் கம்பெனியுடையது. முக்கியமாக, குழுவின் பெயர் கம்பெனியுடையது.

இதில் 2009-ல் ஒரு பூகம்பம். தோங்பாங்ஷின்கி என்ற குழு 2003 டிசம்பரில் வந்து ஆசியாவையே கலக்கிக்கொண்டிருந்தது. வெளிநாடுகளில் டி.வி.எக்ஸ்.க்யூ. என்பார்கள். அதன் ஐந்து பேரில் மூன்று பேர் கம்பெனி மீது கோர்ட்டுக்குப் போனார்கள். ஒப்பந்தம் எத்தனை வருஷத்துக்குத் தெரியுமா? பதின்மூன்று! 'அடிமை ஒப்பந்தம்' என்று பத்திரிகைகள் கிழித்தன. அதே வருஷம் கொரியாவின் நியாய வர்த்தக ஆணையம் ஒரு மாதிரி ஒப்பந்தத்தை வெளியிட்டு, ஏழு வருஷத்துக்கு மேல் யாரையும் கட்டிப்போடாதே என்றது.

நல்ல காரியம்தான். ஆனால் விளைவைப் பாருங்கள். ஏழாவது வருஷம் எல்லாக் குழுவுக்கும் ஒரே கேள்வி: மறுபடி கையெழுத்துப் போடுவதா, வேண்டாமா? ஐந்து பேர் குழுவில் நாலு பேர் சரி என்பார்கள். ஒருத்தர் நடிக்கப் போகிறேன் என்பார். ஒருத்தருக்கு வேறு கம்பெனி அதிகம் தரும். குழு டமால்!

பிரிந்த தோங்பாங்ஷின்கியில் மீதி இருவர் அதே பெயரில் 2011-ல் மறுபடி மேடை ஏறினார்கள். ஐந்து பேர் நின்ற இடத்தை இரண்டு பேர் நிரப்புவது லேசா? நிரப்பினார்கள். 2023 டிசம்பரில் இருபதாம் வருஷத்துக்கு ஆல்பமும் போட்டார்கள்.

* * *

கரடித் தெருவில் எல்லாமே சமாதி இல்லை. 'காரா' என்று ஒரு கரடி. 2007-ல் வந்த பெண்கள் குழு. 2016-ல் ஓய்ந்துபோனது. அதில் ஒரு பெண் 2019-ல் இறந்தும் போனாள். கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தபோது, 2022 நவம்பரில், பதினைந்தாம் வருஷத்தைக் கொண்டாட மற்றவர்கள் சேர்ந்து வந்து பாடினார்கள். கரடி காத்திருந்தது வீண்போகவில்லை.

'ஷைனி' கரடிக்கும் அப்படி ஒரு துக்கம் உண்டு. 2008-ல் வந்த ஐந்து பேர். முக்கியப் பாடகர்களில் ஒருவரான ஜோங்ஹியுன் 2017 டிசம்பரில் இறந்துபோனார். வயது 27. இரண்டே மாதத்தில் ஜப்பானில் முன்பே ஒப்புக்கொண்ட கச்சேரிக்கு மீதி நால்வர் போனார்கள். இன்றுவரை நாலு பேர்தான். ஐந்தாவது ஆளைச் சேர்க்கவில்லை. வாண்டு அந்தக் கரடி பக்கத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பதினாலு வயதுக்கு எல்லாம் தெரிகிறது.

அடுத்து 'இன்ஃபினிட்'. இவர்கள் கதையைப் படித்தபோதுதான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 2010-ல் வந்த குழு. டான்ஸில் ஒருத்தர் விரல்கூட அரை அங்குலம் தள்ளி நிற்காது. காலப்போக்கில் ஆளுக்கு ஒரு கம்பெனியாகப் பிரிந்து போனார்கள். பெயர் மட்டும் பழைய முதலாளியிடம். 2023 ஏப்ரல் 28, குழுத் தலைவர் கிம் சுங்க்யுவின் பிறந்தநாள். அன்று பழைய முதலாளி பரிசு கொடுத்தார். என்ன பரிசு? வாட்சா, செயினா? 'இன்ஃபினிட்' என்ற பெயரின் உரிமை! அதை வைத்து ஆறு பேரும் சொந்தமாக ஒரு கம்பெனி தொடங்கி, பதின்மூன்றாம் வருஷத்தில் மறுபடி ஆல்பம் போட்டார்கள்.

எல்லோருக்கும் அப்படி முதலாளி வாய்ப்பதில்லை. 'பீஸ்ட்' என்ற குழு 2009-ல் வந்து ஜெயித்தது. கம்பெனியை விட்டு வெளியே வந்தபோது பெயர் கம்பெனியிடமே தங்கிவிட்டது. அதே ஆட்கள், அதே குரல். ஆனால் 2017-ல் 'ஹைலைட்' என்ற புதுப் பெயரில் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பித்தார்கள். 2024-ல்தான் பழைய கம்பெனியோடு ராசியாகிப் பழைய பெயரையும் உபயோகிக்க முடிந்தது.

எல்லோருக்கும் பாட்டனார் 'ஷின்வா'. அந்தச் சொல்லுக்கு அர்த்தமே புராணம். 1998 மார்ச்சில் ஆறு பேராக வந்தார்கள். 2003-ல் ஒப்பந்தம் முடிந்ததும் ஆறு பேரும் ஒரே நேரத்தில் மூட்டை கட்டிக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போனார்கள். ஒருத்தன்கூடப் பின்தங்கவில்லை. அப்புறம் ராணுவம். கொரியாவில் உடம்பில் குறையில்லாத ஆண் பிள்ளை கட்டாயம் ராணுவ சேவைக்குப் போக வேண்டும். பெரிய நட்சத்திரமானாலும் மொட்டைதான். அதில் ஷின்வாவுக்கு நாலு வருஷம் போயிற்று. 2011-ல் தங்களுக்கென்று ஒரு கம்பெனி வைத்து, 2012-ல் திரும்பி வந்தார்கள். பெயருக்காகக் கோர்ட், வாய்தா என்று அலைந்து, 2015-ல்தான் 'ஷின்வா' என்ற பெயர் ஷின்வாவுக்குக் கிடைத்தது! நடுவில் சண்டை போட்டிருக்கிறார்கள், கெட்ட பெயரும் வாங்கியிருக்கிறார்கள். 2022-ல் மூன்று பேர் மட்டும் சேர்ந்து தனியாகவும் பாடினார்கள். ஆனால் 'நீ போ, வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறோம்' என்று ஒருவரையும் அனுப்பியதில்லை.

நடைபாதையில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினேன். பி.காம். முதல் வருஷத்தில் பார்ட்னர்ஷிப் அக்கவுண்ட்ஸ் என்று ஒரு பாடம் உண்டு. அதில் குட்வில் என்று ஓர் ஐட்டம். கண்ணுக்குத் தெரியாது, கையில் பிடிக்க முடியாது, ஆனாலும் சொத்து. தமிழ் மீடியம் புத்தகத்தில் அதற்கு அழகாக 'நற்பெயர்' என்று போட்டிருப்பான். கூட்டாளி பிரிந்தால் மேஜை நாற்காலியை விற்கலாம், ரொக்கத்தைப் பங்கு போடலாம். நற்பெயரை என்ன செய்வது? அங்கேதான் எல்லா மாணவனும் மார்க் கோட்டை விடுவான்.

* * *

அங்கிருந்து ரயில் மாறி ஜம்சில் ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்குப் போனோம். 1988 ஒலிம்பிக்ஸ் நடந்த இடம். நாங்கள் போனபோது மராமத்து வேலை நடந்துகொண்டிருந்ததால் தடுப்புக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி.

"இங்கே என்ன மாமா இருக்கு? கட்டடம் கட்டறாங்க, அவ்வளவுதான்."

சொன்னேன். எச்.ஓ.டி. என்ற ஐந்து பையன்கள் 1996-ல் வந்தார்கள். இன்றைய கே-பாப் வியாபாரத்துக்கே பிள்ளையார் சுழி போட்டவர்கள். ரசிகைகள் வெள்ளை ரெயின்கோட் மாட்டிக்கொண்டு வெள்ளை பலூனோடு வருவார்கள். ஒவ்வொரு குழுவின் ரசிகர்களுக்கும் தனி வர்ணம் என்பது அந்த பலூன் காலத்து வழக்கம். இப்போது பலூன் போய் மின்விளக்குக் கோல் வந்திருக்கிறது. 2001 பிப்ரவரியில் எச்.ஓ.டி. கடைசிக் கச்சேரி நடத்தியது இந்த ஸ்டேடியத்தில்தான். மே மாதம் குழு கலைந்தது. நாடே அழுதது.

பதினேழு வருஷம் கழித்து, 2018 அக்டோபரில், அதே ஸ்டேடியத்தில் அதே ஐந்து பேர் இரண்டு நாள் பாடினார்கள். பள்ளிக்கூட யூனிபாரத்தில் அழுத பெண்கள் இப்போது பிள்ளை பெற்று, பாட்டியிடம் விட்டுவிட்டு வந்து அழுதார்கள். ஒரே ஒரு குறை. போஸ்டரில் எச்.ஓ.டி. என்ற பெயர் இல்லை! பெயரின் உரிமை வேறொருவரிடம் இருந்தது, தகராறு. எனவே அந்த மூன்று எழுத்தின் முழு வடிவமான 'ஹை-ஃபைவ் ஆஃப் டீனேஜர்ஸ்' என்று நீட்டி முழக்கிப் போட்டு ஒப்பேற்றினார்கள்.

"அப்போ ஜனங்களுக்கு யாருன்னு புரிஞ்சுச்சா?" என்றது வாண்டு.

"ஸ்டேடியம் நிறைஞ்சுதே!"

"அப்புறம் பேர் யார்கிட்ட இருந்தா என்ன?"

பதினாலு வயசு கேட்கிற கேள்வியா இது? எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "வா, ரயிலைப் பிடிக்கணும்" என்றேன்.

* * *

சாயங்காலம் ஒலிம்பிக் பார்க். ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கும் முந்தைய பெக்ஜே ராஜ்யத்தின் மண்கோட்டை பச்சைப் புல் மூடி மேடு மேடாகக் கிடக்கிறது. அதன் பக்கத்திலேயே 1988 ஒலிம்பிக்ஸுக்குக் கட்டிய ஜிம்னாஸ்டிக்ஸ் அரங்கம். இப்போது கே.எஸ்.பி.ஓ. டோம் என்று பெயர். சுமார் 15,000 பேர் உட்காரலாம். ஒரு குழு இங்கே கச்சேரி செய்தால் பெரிய மனிதர்கள் ஆகிவிட்டார்கள் என்று அர்த்தம்.

அன்று ஜி.ஓ.டி.யின் கச்சேரி. 1999 ஜனவரியில் வந்த ஐந்து பேர். 25 வருஷம் ஆகிவிட்டது. மூத்தவர் பார்க் ஜூன்-ஹியுங் 1969-ல் பிறந்தவர். அதாவது 55 வயது. நம்ம ஊரில் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வாக்கிங் போகிற வயதில் மனிதர் மேடையில் ஆடிக்கொண்டிருக்கிறார்!

டிக்கெட் கிடைத்ததா என்று கேட்காதீர்கள். என்றைக்கோ தீர்ந்துபோயிருந்தது. வாசலில் நின்றோம். அரங்கத்தைச் சுற்றி ஒரே ஆகாய நீலம். அதுதான் ஜி.ஓ.டி. ரசிகர்களின் வர்ணம். நீல ஸ்கார்ஃப், நீல விளக்கு, நீல ரிப்பன். முக்கால்வாசிப் பேர் முப்பத்தைந்து, நாற்பது தாண்டிய பெண்கள். ஆபீசிலிருந்து நேராக வந்தவர்கள் கைப்பையிலிருந்து நீலச் சட்டையை எடுத்து மேலே மாட்டிக்கொண்டு ஒரு நொடியில் பள்ளிக்கூடப் பெண்களாக மாறிக்கொண்டிருந்தார்கள். இந்த ஊர்க் கச்சேரிகளில் இன்னொரு பழக்கமும் உண்டாம். பூ வளையத்துக்குப் பதில் ரசிகர்கள் அரிசி மூட்டையை ரிப்பன் கட்டி அனுப்புவார்கள். கச்சேரி முடிந்ததும் அரிசி ஏழைகளுக்குப் போகும். கேட்டதும் மனசு நிறைந்தது. கட்-அவுட்டில் பால் ஊற்றுகிறவர்கள் யோசிக்கலாம்.

கதவு மூடியது. உள்ளேயிருந்து 'தொம் தொம்' என்று அதிர்வு மட்டும் வெளியே வந்தது. பக்கத்து பெஞ்சில் ஒரு மனிதர். தோளில் தூங்குகிற குழந்தை, கையில் பால் புட்டி, முகத்தில் வெள்ளிக்கிழமைக் களைப்பு. சந்தேகமே இல்லை, ஆபீஸ் குமாஸ்தா இனம். வாண்டுவை விட்டுப் பேச்சுக் கொடுக்கச் சொன்னேன்.

"நீங்க உள்ளே போகலையான்னு கேளு."

கேட்டது. சிரித்தார். மனைவி உள்ளே இருக்கிறாளாம். பள்ளிக்கூட நாளிலிருந்து ரசிகையாம்.

"உங்களுக்குப் பொறாமையா இல்லையா?"

அவர் சொன்னதை வாண்டு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தது: "அவங்க அஞ்சு பேரும் இவருக்கு சீனியராம் மாமா! இவர் அவங்க வாழ்க்கையில கடைசியா சேர்ந்த ஆளாம். சீனியர்கிட்ட எப்படிக் கோவிச்சுக்க முடியும்ங்கறார்!"

அப்போது உள்ளே ஏதோ ஒரு மெதுவான பாட்டு ஆரம்பித்தது. அதிர்வு அடங்கி, குரல்கள் கேட்டன. மேடைக் குரல் இல்லை, கூட்டத்தின் குரல். பல்லாயிரம் பெண்கள் ஒரே மெட்டில். பெஞ்சுக்காரரும் குழந்தையைத் தட்டிக்கொண்டே வாய்க்குள் முணுமுணுத்தார். தூரத்தில் புல்வெளியில் டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்திருந்த நாலைந்து பெண்களும் நீல விளக்கை ஆட்டிக்கொண்டு பாடினார்கள்.

இந்தப் பழைய குழுக்களின் பாட்டில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எவரும் பாடக்கூடிய மெட்டு. நடுவில் பேசுவது போல ராப். இரண்டு வரிக்கு நடுவே ரசிகர்கள் கத்துவதற்கென்று இடைவெளி. எந்த இடத்தில் யார் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வருகிறார்கள். நம்ம பஜனை மாதிரிதான். ஒருத்தர் எடுத்துக்கொடுக்க, கூட்டம் வாங்கிப் பாடும். ஆடத் தெரியாதவனுக்கும் இடம் உண்டு. 2009-ல் சூப்பர் ஜூனியர் குழுவின் 'ஸாரி ஸாரி' வந்தபோது ஆசியாவே ஆடியது. அதன் பிரசித்தமான ஸ்டெப் என்ன? இரண்டு கையையும் சேர்த்துத் தேய்ப்பது. ஆபீசில் நாம் மேனேஜரிடம் லீவு கேட்கும்போது செய்வோமே, சாட்சாத் அதே போஸ்! அந்தக் குழுவும் 2005-ல் வந்து, ஒவ்வொருவராக ராணுவம் போய்த் திரும்பி, 2025-ல் இருபதாம் வருஷத்தை ஆல்பமும் சுற்றுப்பயணமுமாகக் கொண்டாடிவிட்டது.

ஜி.ஓ.டி.யிலும் ஓர் உடைசல் உண்டு. 2004-ல் யூன் கே-சாங் குழுவை விட்டுப் போய் நடிகரானார். பெரிய நடிகர். 2017-ல் 'தி அவுட்லாஸ்' படத்தில் அவர் செய்த வில்லனைப் பார்த்து ஊரே நடுங்கியது. மற்ற நாலு பேரும் கொஞ்ச நாளில் ஓய்ந்தார்கள். 2014-ல், பதினைந்தாம் வருஷத்தில், ஐந்து பேரும் மறுபடி சேர்ந்தார்கள். போனவருக்கு நாற்காலி காலியாகவே இருந்தது.

* * *

வெளியே வந்து ஒரு சிறிய ஹோட்டலில் ஜாஜங்மியோன் சாப்பிட்டோம். கோதுமை நூடுல்ஸ் மேல் கறுப்பாக ஒரு பயற்றுக் குழம்பு. பார்த்தால் தார் ரோடு போடுகிற ஞாபகம் வரும். சாப்பிட்டால் இன்னொரு தட்டு கேட்கத் தோன்றும். கொரியாக்காரர்களுக்கு இது வீடு மாறும் நாளில், பள்ளிக்கூடம் முடிக்கும் நாளில் வாங்கிச் சாப்பிடும் பண்டம்.

ஜி.ஓ.டி.யின் முதல் பாட்டு 'அம்மாவுக்கு'. அதில் ஓர் ஏழைத் தாய் அரிதாகச் சேர்த்த காசில் மகனுக்கு இந்தக் கறுப்பு நூடுல்ஸ் வாங்கித் தருகிறாள். தான் சாப்பிடுவதில்லை. கேட்டால் தனக்குப் பிடிக்காது என்கிறாள். 1999-ல், ஆசியப் பொருளாதார நெருக்கடியில் கம்பெனிகள் மூடி, அப்பாக்கள் வேலை இழந்து நின்ற அடுத்த வருஷங்களில், இந்தப் பாட்டு வந்தது. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது. 'எனக்குப் பசிக்கலைடா, நீ சாப்பிடு' என்று சொல்லாத அம்மா எந்த ஊரில் இருக்கிறாள்?

வாண்டு தட்டை வழித்துவிட்டு நிமிர்ந்தது. "மாமா, உங்க குழு ஏன் உடைஞ்சுது?"

சொல்கிறேன் என்றேன் அல்லவா? ஒரு கல்யாணத்துக்கு பேனர் அடித்தார்கள். அதில் ஒரு பாடகன் பெயர் பெரிய எழுத்தில், மற்றவன் பெயர் சின்ன எழுத்தில். அவ்வளவுதான் காரணம். அப்புறம் கீபோர்டு யாருடையது, மிக்ஸர் யாருடையது என்று வளர்ந்தது. நடுவில் நாட்டாமையாக உட்கார்ந்து நான்தான் கணக்கு முடித்தேன். ரொக்கம் ஐந்து பங்கு. கீபோர்டு இவனுக்கு, மிக்ஸர் அவனுக்கு. குழுவின் பெயரை இருவரும் கேட்டார்கள். 'யாரும் வெச்சுக்க வேண்டாம்' என்று தீர்ப்புச் சொல்லி, நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் கைப்படவே எழுதினேன்: நற்பெயர் - இல்லை.

2009, 2016. எங்களுக்கும் சரியாக ஏழு!

"போன் பண்ணலாமே" என்றது வாண்டு.

"பண்ணலாம்" என்றேன். பண்ணவில்லை.

* * *

ஊர் திரும்பி இரண்டு மாதம் ஆகியிருக்கும். 2024 டிசம்பர் 3 இரவு தென் கொரிய ஜனாதிபதி யூன் சுக்-யோல் திடீரென்று ராணுவச் சட்டம் அறிவித்தார். சில மணி நேரத்தில் பார்லிமென்ட் கூடி ஓட்டுப் போட்டு அதை முறியடித்தது. ஜனாதிபதியைப் பதவிநீக்கம் செய்யச் சொல்லி ஜனங்கள் குளிரில் பார்லிமென்ட் வாசலில் கூடினார்கள். வாண்டு ஒரு வீடியோ அனுப்பியது. மெழுகுவத்திக்குப் பதில் எல்லோர் கையிலும் கச்சேரி விளக்குக் கோல்! அத்தனை குழுக்களின் வர்ணமும் ஒரே தெருவில். எல்லோரும் சேர்ந்து பாடியது என்ன பாட்டு? கேர்ள்ஸ் ஜெனரேஷன் என்ற பெண்கள் குழு 2007-ல் தன் முதல் அடியாக வைத்த 'இன்டு த நியூ வேர்ல்ட்'. 2016-ல் இஹ்வா மகளிர் பல்கலைக்கழக மாணவிகள் போலீசுக்கு எதிரே கைகோத்து நின்றபோது பாடியதும் இதுதான். ஒரு காதல் பாட்டு மாதிரி வந்தது, பதினேழு வருஷத்தில் ஒரு தேசத்தின் பாட்டாகிவிட்டது. டிசம்பர் 14-ம் தேதி பார்லிமென்ட் பதவிநீக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது.

வீடியோவுக்குக் கீழே வாண்டு ஒரு வரி எழுதியிருந்தது: 'பேர் யார்கிட்ட இருக்குன்னு யாரும் கேட்கல மாமா.'

ஜம்சில் வாசலில் கேட்ட கேள்விக்கு அவளே பதிலையும் அனுப்பிவிட்டாள். பெயரின் உரிமை பத்திரத்தில் இருக்கலாம். அதற்குக் கோர்ட்டுக்குப் போகத்தான் வேண்டும், ஷின்வா போல விடாமல் போராடத்தான் வேண்டும். அது பெயர். நற்பெயர் வேறு. அது பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளையைத் தட்டுகிறவனின் வாயில் இருக்கிறது. புல்வெளியில் இருக்கிறது. குளிரில் நிற்கிற கூட்டத்திடம் இருக்கிறது. உள்ளே இருக்கிற ஐந்து பேர் ஒருத்தர் நாற்காலியை ஒருத்தர் காலியாக வைத்திருந்தால் போதும், வெளியே இருப்பவர்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். 'இல்லை' என்று நான் எழுதியது தப்புக் கணக்கு.

அந்த வீடியோவை நாலு பேருக்கும் அனுப்பினேன். எட்டு வருஷத்துக்குப் பிறகு. 'எப்பவாவது ஒரு நாள் சும்மா கூடலாமா?' என்று மட்டும் கீழே எழுதினேன்.

ரிதம் பேட் உடனே பதில் போட்டான்: 'எந்தக் கல்யாணம்? அட்வான்ஸ் எவ்வளவு?' பாடகர்கள் இருவரும் பார்த்துவிட்டார்கள் என்று போன் காட்டியது. பதில் இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி பதினொன்றரை மணிக்குக் கீபோர்டுக்காரனிடமிருந்து வந்தது:

'கீபோர்டை வித்துட்டேன்டா. வாடகைக்குக் கிடைக்கும். அந்த வாடகையை எவன் கணக்கு எழுதறது?'

வேறு யார் எழுதுவார்கள்? பழைய நோட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.